வேலைப் பட்டியல் செயலிகளா, மடித்த ஏ4 தாளா?

முடிவை முதலே சொல்லிவிடலாம். நெல் வேளாண்மை வேலைகளை எழுதி வைக்க டூடூயிஸ்ட், ட்ரெல்லோ, நோஷன், கூகுள் கீப் என்று செயலிகளை மாறி மாறி நீண்ட காலம் பாவித்த பிறகு ஃபோனில் மிஞ்சியது அலாரம் மட்டும். மற்றதெல்லாம் மடித்த ஒரு ஏ4 தாளுக்குப் போய்விட்டது. செயலியில் பட்டியல் போடுவதே ஒரு வேலையை முடித்த திருப்தியைத் தந்துவிடுகிறது, அதுதான் சிக்கல். நோஷனில் மாரிப் பருவ நெற்செய்கைக்கு 'பெரும்போகம்' என்று பக்கம் திறந்து, அட்டவணை போட்டு, நிறம் பிரித்து முடிக்க ஒரு பின்னேரம் போகும். வட்டையில், அதாவது வயல்வெளியில், ஒரு வரம்பும் உயர்ந்திருக்காது.

எதில் எழுதினாலும் எழுதும் விதம் பிழைத்தால் வேலை நகராது. 'விதைநெல் அலுவல்' என்று எழுதினால் அது வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். கையால் எதைத் தொட வேண்டும் என்று அதில் இல்லை. அதையே 'மூட்டையிலிருந்து 100 நெல் எண்ணி, ஈரச் சாக்குத் துண்டில் சுற்றி வை' என்று எழுதிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. ஐந்தாறு நாளில் 85க்குக் குறைவாக முளைத்திருந்தால் வேறு விதை தேட அவகாசம் இருக்கும். சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், காய்ந்தால் நல்ல விதையும் கெட்ட விதை போலக் காட்டும்.

அடுத்தது திகதி. செயலி பெரும்பாலும் கேட்பது வேலை முடிய வேண்டிய நாளை. வேளாண்மைக்கு வேண்டியது தொடங்கும் நாள். சேற்று விதைப்பு 20ஆம் திகதி என்று வையுங்கள். விதை 24 மணிநேரம் ஊற வேண்டும், நீர் வடித்து மூடி வைக்க இன்னும் 48 மணிநேரம். ஆக 17ஆம் திகதி காலையில் தண்ணீரில் இருக்க வேண்டும். முளைப்புச் சோதனையை 7ஆம் திகதி அளவில் தொடங்கியிருக்க வேண்டும். டூடூயிஸ்டில் 'விதைப்பு, 20' என்று போட்டால் 'இன்று' பட்டியலில் 20ஆம் திகதி காலையில்தான் காட்டும். அன்றைக்குக் காட்டி என்ன செய்ய?

அந்த 17உம் உறுதியில்லை. மழை வரும், வயலை உழுது மட்டம் அடிக்கும் மெசின் பிந்தும், வாய்க்காலில் தண்ணீர் குறையும். முளைகட்டிய விதையோ காத்திருக்காது. வேர் நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், வீசும்போது முளை முறியும், குவியல் சூடேறினால் கெட்டும் போகும். ஆகவே தாளில் 17 என்று எழுதாமல், 'மட்டம் அடிக்கும் நாளை மெசின்காரர் உறுதியாகச் சொன்னால், அதிலிருந்து பின்னோக்கி எண்ணி ஊறப்போடு' என்று எழுதுவது பாதுகாப்பு. 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே கட்டி வைக்கும் திட்டம் வெறும் நோக்கத்தைவிட நன்றாக நிறைவேறுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதினார். அவர் வட்டைக்குள் இறங்காமலே கண்டுபிடித்தது.

தாளின் அமைப்பு எளிது. ஏ4 தாளை மூன்று தடவை மடித்தால் 8 கட்டம். ஏழு கட்டம் ஏழு நாளுக்கு. எட்டாவது, மற்றவர் கையில் இருக்கும் வேலைகளுக்கு: யார், என்ன, எப்போது சொன்னது. 'வட்டவிதானை, வாய்க்கால் துப்பரவு, செவ்வாய் கேட்டது' என்ற அளவில் போதும்; வட்டவிதானை என்பவர் வயல்களுக்கு நீர் விடுவதைக் கவனிப்பவர். இந்த எட்டாவது கட்டம்தான் உண்மையில் மிகவும் பயன்படுவது. பாதி வேலை நம் கையில் நிற்பதில்லை. நாளுக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். ஞாயிறு இரவு புதுத் தாளுக்குக் கையால் மாற்றி எழுதும்போது, மூன்றாவது தடவையும் எழுத அலுப்பாக இருக்கும் வரியை உடைத்துச் சின்னதாக்குங்கள், அல்லது வெட்டிவிடுங்கள். செயலியில் பழைய வரி தானாகவே அடுத்த நாளுக்கு வந்து நிற்கும், அலுப்பே வராது.

ஜெல் பேனை வேண்டாம். மார்கழி மழையில் பலவற்றின் மை கரைந்துவிடும். பென்சிலோ சாதாரண போல்பொயின்ட் பேனையோ நிற்கும். சட்டைப் பையில் வைக்கும்போது தாளைச் சின்னப் பொலித்தீன் பைக்குள் போடுங்கள்.

கந்தோர் வேலைக்கும் இதே முறை. 'கமநல சேவை நிலையம் போக' என்று எழுதுவதில் பிரயோசனமில்லை. 'அடையாள அட்டைப் பிரதி 2, காணிப் பத்திரம், வங்கிப் புத்தகம், இரவே பைக்குள்' என்பதுதான் வரி. உன்னிச்சை போன்ற தூரத்து ஊரிலிருந்து வந்தவர் ஒரு பிரதிக்காகத் திரும்பினால் அந்த நாள் போச்சு.

செயலிகளுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து செய்யும் வேலைக்கு ட்ரெல்லோ நல்லதுதான், எல்லோரும் திறந்து பார்த்தால். நம்மவர்கள் பார்ப்பது வாட்ஸ்அப் மட்டும். 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்ற பொமொடோரோ முறை, கணக்குப் புத்தகம் எழுத உதவும்; மெசின் வரம்பில் வந்து நிற்கும்போது உதவாது. எந்தச் செயலியானாலும் தரவைப் பிரதி எடுத்து வையுங்கள். வுண்டர்லிஸ்ட் 2020இல் மூடப்பட்டது. எவர்நோட் 2023இல் இலவசப் பாவனையை 50 குறிப்புக்குள் அடக்கியது.

கடைசியாக அலாரம். மலிவு ஆண்ட்ராய்டு ஃபோன்களில் பற்றரியைச் சேமிக்கும் ஏற்பாடு, பின்னணியில் ஓடும் செயலிகளை அடக்கி வைப்பதால் நினைவூட்டல்கள் மணிக்கணக்கில் பிந்தி வரலாம். செயலியை விடமுடியாதவர்கள் அமைப்புகளுக்குள் போய், அந்தச் செயலியின் பற்றரிப் பாவனையைக் கட்டுப்பாடில்லாததாக மாற்றுங்கள். ஃபோனோடு வரும் மணிக்கூட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. அலாரத்தின் பெயரை வெறுமையாக விடாமல் 'மடை அடை' என்று எழுதி வைத்தால், அதிகாலை நாலு மணிக்கு எதற்கு அடிக்கிறது என்று யோசிக்க வேண்டியதில்லை.