பாதி மீனா, ‘மிதமான பிழைப்பா’?

பழங்குடிகளின் ஒப்பந்த மீன்பிடி உரிமையைக் காப்பாற்றிய இரண்டு தீர்ப்புகள்: அமெரிக்காவில் போல்ட் (1974), கனடாவில் மார்ஷல் (1999).

இன்றைய வாஷிங்டன் மாநிலப் பகுதியில் அமெரிக்க அரசு 1850களில் செய்த ஒப்பந்தங்கள், பழங்குடிகள் குடியேறியவர்களோடு ‘பொதுவாக’ மீன்பிடிக்கலாம் என்றன. நிஸ்குவாலி ஆற்றில் சால்மன் மீனுக்கு வலை போட்ட நிஸ்குவாலி பழங்குடிக்காரர் பில்லி ஃபிராங்க் ஐம்பது தடவைக்கு மேல் கைதானார். முதல் தடவை வயது 14. நீதிபதி போல்ட் ‘பொதுவாக’ என்றால் பிடிக்கத்தக்க மீனில் பாதி என்று பொருள் சொன்னார்.

நோவா ஸ்கோஷியாவில் மிக்மாக் இனத்தவரான டொனால்ட் மார்ஷல், 463 பவுண்டு விலாங்கு பிடித்து 787 டாலருக்கு விற்றார். உரிமம் இல்லையென்று வழக்கு. (செய்யாத கொலைக்கு 11 ஆண்டு சிறையில் கிடந்தவரும் இவரேதான்.) 1760-61 ஒப்பந்தங்களின்படி மீன் விற்று ‘மிதமான பிழைப்பு’ நடத்தலாம் என்றது உச்ச நீதிமன்றம். மிதம் என்றால் எவ்வளவு? அளவு சொல்லவில்லை. 2020இலும் அங்கே சிங்கி இறாலுக்காகச் சண்டை.

என் ஓட்டு போல்டுக்குத்தான். பாதி என்றால் எண்ணிப் பார்த்துக் கேட்கலாம். சரி, முட்டையிடக் கடலிலிருந்து வரும் சால்மனே ஆற்றில் ஏறாவிட்டால் எதில் பாதி? மீனை மறிக்கும் சாலையடிக் குழாய்களை மாற்றச் சொல்லி வாஷிங்டன் பழங்குடிகள் மறுபடி கோர்ட் படி ஏறினார்கள். 2018இல் அதிலும் ஜெயித்தார்கள்.