கண்ணுக்குச் செலவா, குழாய்க்குச் செலவா: வார்கேம்களில் பீரங்கி ஸ்பாட்டரின் தரம்

பாளையங்கோட்டை மகாராஜநகரில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நால்வர் ‘காம்பாட் மிஷன்’ என்ற கணினிப் போர் விளையாட்டை ஆடுகிறோம். ஆட்டத்துக்கு முன் புள்ளிகள் கொடுத்துப் படை வாங்கும் கட்டத்தில் எங்களுக்குள் ஓயாமல் எழும் வாதம் ஒன்றுதான். மிஞ்சியிருக்கும் புள்ளிகளைக் கொண்டு 155 மிமீ பீரங்கித் தொகுதியை எடுத்து அதை அனுபவமற்ற ஸ்பாட்டரிடம் (குண்டு விழும் இடத்தைப் பார்த்துப் பீரங்கிக்குத் திருத்தம் சொல்பவரிடம்) ஒப்படைப்பதா, அல்லது சிறிய 81 மிமீ மோர்ட்டாரோடு நிறுத்திக்கொண்டு நல்ல ஸ்பாட்டருக்குச் செலவழிப்பதா? நகரும் எதிரியோடு மோதுவதாக இருந்தால் ஸ்பாட்டருக்குச் செலவழிப்பதே சரி என்பதும், எதிரி ஓரிடத்தில் பதுங்கியிருப்பது உறுதி என்றால் மட்டுமே பெரிய குழாய், அதாவது பெரிய பீரங்கி, லாபம் என்பதும் என் தீர்மானம்.

ஸ்பாட்டரின் வேலை என்ன என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் புளியமரத்தில் கல்லெறிகிறவனுக்குக் காய் தெரியாது. மதில்மேல் உட்கார்ந்திருப்பவன்தான் ‘இன்னும் கொஞ்சம் வலத்தெ, அந்தால தள்ளி’ என்று சொல்ல வேண்டும். 1801-இல் பாஞ்சாலங்குறிச்சியின் மண்கோட்டையை உடைத்த கும்பினிப் பீரங்கிகளுக்கு இப்படியொரு ஆள் தேவைப்படவில்லை, ஏனெனில் சுவர் பீரங்கிக்காரரின் கண்ணுக்கு எதிரேயே நின்றது. 1904–05 ரஷ்ய–ஜப்பானியப் போரில் பீரங்கிகள் குன்றுகளுக்குப் பின்னால் மறைந்து சுடுவது பரவலான பிறகே, பார்க்கிறவரும் சுடுகிறவரும் வெவ்வேறு ஆட்களாகப் பிரிந்தார்கள்.

இந்தப் பிரிவினால் வரும் தாமதத்தைத்தான் விளையாட்டுகள் ‘அனுபவம்’ என்ற பெயரில் கணக்கிடுகின்றன. முதல் சோதனைக் குண்டு இலக்கைத் தாண்டி விழுந்தால் 400 மீட்டர் குறைக்கச் சொல்வதும், அடுத்தது முன்னால் விழுந்தால் 200 கூட்டச் சொல்வதும், பிறகு 100, கடைசியில் 50 என்று இலக்கை இடுக்கிப் பிடிப்பதும் பீரங்கிப் படையின் பழைய முறை. வரைபடத்தையும் நிலத்தையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவரின் முதல் குண்டு 100 மீட்டருக்குள் விழும் என்றால், அவருக்கு ஒரு திருத்தம் போதும். புதியவரோ துணிந்து பெரிய திருத்தம் சொல்லாமல் ஐம்பது ஐம்பதாக ஊர்ந்து போவார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் செய்தி போக வேண்டும், குழாயைத் திருப்ப வேண்டும், குண்டு பறந்து வர வேண்டும்.

நார்மண்டிக் களத்தில் நாங்கள் ஆடிய ஓர் ஆட்டத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். நான் 155 மிமீ தொகுதியையும் ‘கிரீன்’ (அனுபவமற்ற) தர ஸ்பாட்டரையும் வாங்கியிருந்தேன். நண்பரிடம் 81 மிமீ மோர்ட்டாரும் ‘வெட்டரன்’ (அனுபவமிக்க) ஸ்பாட்டரும் இருந்தார்கள். அவருடைய டாங்கிகள் ஒரு சந்திப்பில் கூடி நின்றபோது நான் குண்டுமழைக்குக் கட்டளை கொடுத்தேன். அறுபது விநாடிச் சுற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிந்தன. சோதனைக் குண்டு ஒன்று தோட்டத்துக்கு அப்பால் புகைந்தது. அடுத்தது எங்கே விழுந்தது என்றே என் ஸ்பாட்டருக்குத் தெரியவில்லை. முழு வீச்சில் குண்டுகள் இறங்கியபோது சந்திப்பு வெறிச்சோடிக் கிடந்தது. “அண்ணாச்சி, குண்டு வாறதுக்குள்ள டாங்கி எல்லாம் போயிட்டுல்லா” என்றார் நண்பர். அதற்குள் அவருடைய மோர்ட்டார், வேலியோரம் ஓடிக்கொண்டிருந்த என் படைப்பிரிவு ஒன்றை அந்த இடத்திலேயே படுக்கவைத்துவிட்டது.

கணக்காகவும் பார்க்கலாம். நல்ல ஸ்பாட்டருக்கு நான்கு நிமிடம், புதியவருக்கு ஒன்பது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 மீட்டர் நடக்கும் காலாட்படை, முதல் கணக்கில் 240 மீட்டரும் இரண்டாவது கணக்கில் 540 மீட்டரும் நகர்ந்திருக்கும். 240 மீட்டரை ஊகித்து முன்கூட்டியே குறி வைக்கலாம். 540 மீட்டருக்குள் எதிராளி இரண்டு முறை மனம் மாறிவிடுவார். குண்டு எவ்வளவு பெரிதானாலும் இந்தத் தூரத்தை அது ஈடுகட்டாது.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. தனி ஸ்பாட்டரே வாங்காமல், படைப்பிரிவுத் தலைவரைக் கொண்டே குண்டு கேட்பது. புள்ளிகள் மிச்சமாகும், ஆனால் தாமதம் கூடும். அதோடு, தலைவர் தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டு ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் அவருடைய ஆட்களைத் திரட்டி நடத்த யாரும் இல்லாமல் போகும். ஆபத்துக் காலத்துக்கு மட்டும்தான் நான் இதை வைத்துக்கொள்வேன்.

அனுபவமற்ற ஸ்பாட்டருக்கு உண்மையான மாற்று, டி.ஆர்.பி. எனப்படும் முன்பே குறித்து வைத்த இலக்குப் புள்ளிகள்தான். அவற்றின்மீது குண்டு கேட்டால் தாமதம் வெகுவாகக் குறைகிறது. இலக்கை நேரில் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. தற்காப்பு ஆட்டத்தில் எதிரி வந்தே ஆக வேண்டிய பாலமோ சந்திப்போ இருந்தால், கிரீன் ஸ்பாட்டரும் இரண்டு டி.ஆர்.பி.யும் சேர்ந்து வெட்டரனின் வேலையைச் செய்துவிடும். ஆட்டத் தொடக்கத்திலேயே திட்டமிட்டு வைக்கும் குண்டுவீச்சிலும் ஸ்பாட்டரின் தரம் ஒரு பொருட்டில்லை. எதிரி நாம் நினைத்த வழியில் வராதபோதுதான் இந்தச் சிக்கனம் கைவிடும்.

எந்த விளையாட்டை ஆடுகிறோம் என்பதைப் பொறுத்தும் விடை மாறும். 2000-இல் வந்த முதல் ‘காம்பாட் மிஷன்’ ஆட்டத்தில் ஒவ்வொரு ஸ்பாட்டரும் ஒரே பீரங்கித் தொகுதியோடு பிணைக்கப்பட்டிருந்தார். அவர் இறந்தால் அந்தத் தொகுதியும் போயிற்று. 2011-இல் வந்த ‘பேட்டில் ஃபார் நார்மண்டி’யில் அந்தப் பிணைப்பு இல்லை, ஒருவர் வீழ்ந்தால், தகுதியுள்ள இன்னொருவர் அதே குழாய்களைக் கேட்கலாம். ஆகவே பழைய ஆட்டத்தில் ஒரே எலீட் (மிக உயர்ந்த தர) ஸ்பாட்டரிடம் எல்லாவற்றையும் பந்தயம் கட்டுவது துணிச்சல். புதியதில் அது நியாயமான முதலீடு. 1985-இன் ‘அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்’ பலகையாட்டமோ தரத்தைத் தனிமனிதரிடம் வைக்காமல் நாட்டின் அமைப்பிடம் வைக்கிறது. ரேடியோ தொடர்பு கிடைக்குமா என்பதற்குப் பகடை, தொகுதி கைக்கு வருமா என்பதற்குக் கறுப்புச் சிவப்புச் சீட்டுகள். எத்தனை சீட்டுகள் என்பதை நாடே தீர்மானிக்கிறது.

எனக்கு இந்தப் பலகையாட்டத்தின் பார்வை வரலாற்றுக்கு நெருக்கமாகப் படுகிறது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் பீரங்கிப் படை மூத்த அதிகாரிகளையே முன்களத்துக்கு அனுப்பியது. அவர்கள் குண்டைக் கெஞ்சிக் கேட்கவில்லை, கட்டளையிட்டார்கள். ‘மைக் டார்கெட்’ என்ற ஒரு சொல்லுக்கு ரெஜிமெண்டின் 24 குழாய்களும் ஓரிலக்கை நோக்கித் திரும்பின. அமெரிக்கர்களோ 1930-களில் ஃபோர்ட் சில்லில் உருவாக்கிய கணக்கீட்டு மையத்திடம் திருத்த வேலையைக் கொடுத்தார்கள். அதனால் சாதாரண ஸ்பாட்டர்கூடப் பல தொகுதிகளை ஒருங்கே வரவழைக்க முடிந்தது. தனிமனிதரின் அனுபவத்தை மட்டும் விலைபேசும் ஆட்டம் இந்த வேறுபாட்டின் பாதியைத்தான் காட்டுகிறது.

இத்தனைக்கும் மேலாக, வெட்டரனை வாங்கிவிட்டு அவரைத் தாழ்வான வேலிக்குப் பின்னால் உட்காரவைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. நார்மண்டியின் வேலிக்காடு சேரன்மகாதேவிப் பக்கத்து வாழைத்தோட்டத்தைப் போன்றது. பத்தடி உள்ளே போனவருக்குப் பக்கத்து வரப்புகூடத் தெரியாது. சோதனைக் குண்டு விழுவதைப் பார்க்க முடியாத எலீட் ஸ்பாட்டரைவிட, பனையேறியைப் போல உயரத்தில் இருந்து வயல் முழுவதையும் பார்க்கும் ரெகுலர் (நடுத்தர) ஸ்பாட்டர் பெரிது. இப்போதெல்லாம் நான் களத்தின் உயரமான வீட்டை முதலில் தேடி, அதன் மாடிச் சன்னலில் இருந்து எவை எவை தெரிகின்றன என்று பார்த்த பிறகே ஸ்பாட்டரின் தரத்துக்குப் புள்ளி ஒதுக்குகிறேன். அப்படி ஒரு சன்னலே இல்லாத களத்தில் அந்தப் புள்ளிகள் டி.ஆர்.பி.க்குப் போகின்றன.