துருவக் காற்றை அளக்க எந்த ட்ரோன்?

அண்டார்டிகாவில் காற்றை அளக்கக் கம்பமும் பலூனும் ஏற்கெனவே இருக்கின்றன. டோம் சி நிலையத்தில் 45 மீட்டர் கோபுரமே உண்டு. ஆனால் அதன் உச்சிக்கு மேலே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. பலூனோ விநாடிக்குச் சுமார் 5 மீட்டர் ஏறும். முதல் 300 மீட்டரை ஒரே நிமிடத்தில் தாண்டிவிடும். பனித்தரை குளிர்வித்த கனத்த காற்று அடியில் தேங்கி நிற்க, அதன் மேல் வேகமான காற்று வழுக்கி ஓடுவதோ பெரும்பாலும் அந்த உயரத்துக்குள்தான். அங்கேதான் ட்ரோனுக்கு வேலை.

சரி, எந்த ட்ரோன்? பெர்கன் பல்கலைக்கழகம் உருவாக்கிய சுமோ, விமானம் போல இறக்கை வைத்தது. 80 செ.மீ. இறக்கை, எடை அரை கிலோவுக்குச் சற்று மேல். காற்றுமானி இல்லாமலே அளக்கும். வட்டமடிக்கும்போது காற்றோடு போனால் தரைவேகம் கூடும், எதிர்த்தால் குறையும். ஜிபிஎஸ் காட்டும் அந்த வித்தியாசம் போதும். ஒரு வட்டத்துக்கான சராசரிதான் கிடைக்கும், திடீர் வீச்சுகள் தப்பிவிடும். அவையும் வேண்டுமென்றால் மூக்கில் ஐந்து துளைக் குழாய் (துளைகளின் அழுத்த வித்தியாசத்திலிருந்து காற்றை அறியும் கருவி) பொருத்த வேண்டும்.

விசிறி ட்ரோன் ஒரே இடத்தில் நிற்கும். அதுதான் அதன் பலம். காற்றைச் சமாளிக்க எவ்வளவு சாய்கிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிடலாம். ஆனால் விசிறியில் பனி படிந்தால் அந்தக் கணக்கே மாறிவிடும். மீயொலிக் காற்றுமானி மாட்டலாம்தான். விசிறிகளின் காற்று படாமல் இருக்க அதை உயரமான குச்சியில் ஏற்ற வேண்டும். குளிரில் ஏற்கெனவே சோரும் பேட்டரிக்கு அந்த எடை வேறு.

பலரும் கவனிக்காத ஒன்று திசைகாட்டி. காந்தத் துருவத்தை நெருங்க நெருங்க அது தடுமாறும். ட்ரோன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாவிட்டால் சாய்வை வைத்துக் காற்றுத் திசை சொல்ல முடியாது; இரண்டு ஜிபிஎஸ் ஆன்டெனா வைத்துத்தான் சரிக்கட்ட வேண்டும். வட்டமடிக்கும் கணக்குக்கு இந்தத் தொல்லையே இல்லை. அதனால் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு இறக்கைக்கு. கப்பல் தளத்தில் இறக்க வேண்டியிருந்தால் மட்டும் விசிறி.

தொலைதூரம் என்றால் போட்டியே கிடையாது. 2009 செப்டம்பரில் அண்டார்டிகாவின் டெர்ரா நோவா விரிகுடாவில் சரிவுக்காற்றை, அதாவது பனிச்சரிவில் கீழிறங்கும் குளிர்காற்றை, அளக்கப் போனவை ஏரோசோண்ட் என்னும் பெரிய இறக்கை ட்ரோன்கள்.

அண்டார்டிகக் கரையிலுள்ள கேப் டெனிசனில் மட்டும் எந்தச் சிறு ட்ரோனையும் நம்பமாட்டேன். அங்கே ஆண்டுச் சராசரிக் காற்றே மணிக்குச் சுமார் 70 கி.மீ.; சுமோ பறக்கும் வேகம் ஏறக்குறைய 54. தூக்கி எறிந்தால் பின்னோக்கித்தான் போகும்.