பாலைக் கன்று வாங்கிய நாற்றங்கால்: இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கத்தில் இருக்கும் எங்கள் கொல்லையில் தென்னை, மா எல்லாம் போயின. கூடவே வேலியோரம் நின்ற பாலை மரமும் சாய்ந்தது. தென்னையைத் திரும்ப வைத்துவிட்டோம். பாலையை வைக்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். சின்ன வயதில் அதன் பழத்தை ஓலைப்பெட்டியில் பொறுக்கி வந்து எங்களுக்குப் பங்கு வைத்தவர் அவர். வேப்பம்பழம் அளவில் மஞ்சளாக இருக்கும், நல்ல இனிப்பு. பத்துப் பழம் தின்றால் பால் பிசுபிசுத்து உதடு ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவார்.

முதலில் ஒரு கடையில் 'பாலைக் கன்று' என்று கேட்டதற்கு ஏழிலைப்பாலையைக் கொடுத்துவிட்டார்கள். பெயரிலும் பாலிலும்தான் ஒற்றுமை, மரம் வேறு குடும்பம். நமக்கு வேண்டியது கோடியக்கரைக் காட்டில் நிற்கும் உலக்கைப் பாலை, சப்போட்டாவின் சொந்தக்காரன். வாங்கும்போது இலை நுனியைத் தடவிப் பாருங்கள். உலக்கைப் பாலையின் இலை தடிப்பாக இருக்கும். கூர் நுனி இருக்காது. நகத்தால் கிள்ளி எடுத்தது போல நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும்.

அப்புறம்தான் திருத்துறைப்பூண்டி சாலையில் உள்ளே தள்ளி இருக்கும் இந்த நாட்டுமர நாற்றங்காலுக்குப் போனேன். ஒரு அண்ணனும் அவர் மனைவியும் நடத்துகிறார்கள். "ஆறு கன்று வேணும்ணே" என்றதும் எடுத்துக் கொடுத்துவிடவில்லை. பைகளில் வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டிருந்தது, 1 முதல் 9 வரை. அவை தாய் மரங்களின் எண். ஒரு நோட்டில் ஒவ்வொரு மரமும் எங்கே நிற்கிறது, எந்த மாதம் பழுத்தது, பழம் பெரிதா சிறிதா என்று எழுதி வைத்திருக்கிறார். அய்யனார் கோயில் காடு, குளத்துக்கரை, வரப்பு என்று இடத்துக்கு ஒரு மரமாகத் தேடி, கேட்டு, விதை எடுக்கிறார். கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் போய்ப் பொறுக்குவதில்லை. எனக்கு ஆறு எண்ணிலிருந்து ஆறு கன்று தந்தார்.

ஏன் இந்தச் சிரமம் என்று கேட்டேன். ஒரே மரத்து விதை என்றால் எல்லாக் கன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே கொல்லையில் வளர்ந்து தங்களுக்குள்ளேயே மகரந்தம் மாறினால் அடுத்த தலைமுறை நோஞ்சானாகிவிடும் என்றார். ஒரு மரத்துக்கு வறட்சி தாங்கும் குணம் இருக்கும், இன்னொன்று முந்திப் பழுக்கும். எது நாளைக்குத் தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும், எல்லாம் இருக்கட்டும் என்றார். காடு துண்டு துண்டாகிப்போன நம் கடற்கரையில் இது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அங்கேயே சப்போட்டா ஒட்டும் கட்டுகிறார்கள். பாலைக் கன்றுப் பையை பி.கே.எம்.1 என்ற சப்போட்டா ரக மரத்தின் கிளையோரம் தூக்கிக் கட்டி, இரண்டிலும் பட்டையைச் சீவி, சேர்த்து இறுக்குவது. ஒட்டு பிடித்ததும் பாலையின் தலையை வெட்டிவிடுவார்கள். ஒரு வரிசை சப்போட்டாத் தோப்பில் மேலே இருப்பது அத்தனையும் ஒரே சப்போட்டா மரத்தின் நகல்தான். மண்ணுக்குள் இருக்கும் வேர் மட்டும் ஒவ்வொன்றும் தனித்தனிப் பாலை. ஆனால் அந்தப் பாலை ஒருநாளும் பூக்காது. அடியில் துளிர் விட்டால் கிள்ளிவிடத்தானே சொல்கிறார்கள்? ஒட்டுக்காகப் பொறுக்கும் விதையெல்லாம் அப்படி முடிந்துபோகிறது என்பது எனக்கு வருத்தமாக இருந்தது. அண்ணன் ஒட்டுக்கு எடுக்கும் அளவு பாலைக் கன்றை நேரே நடுவதற்கும் ஒதுக்குகிறார். அதற்காகவே அவரிடம் வாங்கலாம்.

விலை கன்றுக்கு 80 ரூபாய். ஒரு சாண் உயரக் கன்றுக்கு அதிகம் என்று தோன்றும். ஆனால் பாலை மெதுவாக வளரும் மரம், ஒட்டுக்கட்டும் பருமன் வரவே இரண்டு வருடம் ஆகும். அத்தனை நாள் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு இந்த விலை நியாயம்.

குறை என்றால், பெயிண்ட் எண் ஒரு மழைக்கே மங்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்ததில் ஒரு கன்றுக்கு வேர் பையின் அடியில் சுருண்டு கிடந்தது, மூன்று மாதத்தில் காய்ந்தது. சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள். போன் பெரும்பாலும் எடுப்பதில்லை, நேரில் காலையில் போவதே நல்லது.

இரண்டு வருடத்தில் 7ஆம் எண் என் இடுப்புக்கு வந்துவிட்டது, 2ஆம் எண் இன்னும் முழங்காலில் நிற்கிறது. ஒரே மண், ஒரே தண்ணீர்தான்.

போன மாதம் அண்ணன் அவராகவே கூப்பிட்டார். 4ஆம் எண் தாய் மரத்தைச் சாலை வேலைக்கு வெட்டிவிட்டார்களாம். அதன் கன்று யார் யாரிடம் இருக்கிறது என்று நோட்டைப் பார்த்து ஒவ்வொருவராக விசாரிக்கிறார். என்னுடையது உயிரோடு இருக்கிறது என்றேன். அன்று மாலையே ஆடு தொடாதபடி அதைச் சுற்றி முள் வேலி கட்டினேன்; அம்மா பக்கத்தில் நின்று முள்ளை எடுத்துக் கொடுத்தார்.