எச்சரிக்கை: ‘முதல் பெரிய டேங்க்’ என்று தலையில் கட்டப்படும் 1/16 பெட்டிகள்

1/35 அளவில் (நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு) நாலைந்து பிளாஸ்டிக் டேங்க் மாடல் ஒட்டி முடித்து, அடுத்து பெரிதாக ஒன்று செய்வோம் என்று 1/16 பக்கம் திரும்புகிறவர்களைக் குறிவைத்தே சில இணையக் கடைகள் வியாபாரம் செய்கின்றன. கடையின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு கடை மட்டும் செய்கிற வேலையும் இல்லை இது.

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டேங்கான டைகருக்கு விளம்பரத்தில் இருந்தது: “1/16 டைகர் 1, கடைசி உற்பத்தி வகை, காட்சிக்கு வைக்கும் கிட், முழு உள்ளமைப்பு, புதியவர்களுக்கு ஏற்றது.” பெட்டியில் வந்தது ரிமோட் டேங்கின் வெற்றுடல். ஹல்லின் (டேங்கின் கீழ் உடல்) அடியில் சுவிட்சுக்கு நீளத் துளை, ஸ்பீக்கருக்கு வட்டமாகப் பொடித் துளைகள், கியர்பாக்ஸை முடுக்கத் திருகுத் தூண்கள். உள்ளமைப்பு என்று சொல்ல பீரங்கியின் பின்கட்டைகூட இல்லை. படத்தில் என்ஜின் மூடிமேல் தெரிந்த போட்டோ-எட்ச் (மெல்லிய உலோகத் தகட்டில் அரித்தெடுத்த) வலையும் இல்லை. ட்ராக் லிங்க் (சக்கரங்களைச் சுற்றும் பட்டையின் கண்ணி) எண்ணிப் பார்த்தால் 180. கேட்டதற்குக் கடையின் பதில்: “எல்லா டைகரிலும் அவ்வளவுதான் சார். உள் கவரைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது.”

அவ்வளவுதான் இல்லை. டைகர் 1-க்குப் பக்கத்துக்கு 96 லிங்க், மொத்தம் 192. சோவியத் டி-34-க்குப் பக்கத்துக்கு 72. வழக்கமான அமெரிக்க எம்4 ஷெர்மனுக்கு 79. நிஜ டேங்கின் எண்ணிக்கை தெரிந்திருந்தால் இந்தப் பேச்சு எடுபடாது. தனித்தனி லிங்க் உள்ள கிட் என்றால் பணம் கட்டும் முன்பே “மொத்தம் எத்தனை லிங்க்?” என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அங்கேயே விட்டுவிடலாம்.

அதே பெட்டியில் இன்னொரு கோளாறு. கடைசி வகை டைகருக்கு இரும்பு விளிம்புச் சக்கரம், பக்கத்துக்கு 16 தட்டு. அது 1944 தொடக்கத்தில் வந்த மாற்றம். அதற்கு முந்தையவற்றில் ரப்பர் விளிம்பு, பக்கத்துக்கு 24 தட்டு. பெட்டியில் இருந்தவை ரப்பர் விளிம்புச் சக்கரங்கள். போதாததற்கு, விளம்பரப் படத்தில் உடலெங்கும் ஸிம்மரிட் என்ற சாந்துப் பூச்சின் வரிவரியான கோடுகள், பெட்டியில் வழவழப்பான தகடு. ஸிம்மரிட் 1943 பிற்பாதியிலிருந்து 1944 செப்டம்பர் வரை தொழிற்சாலையிலேயே பூசப்பட்டது. டைகர் 1 உற்பத்தி 1944 ஆகஸ்டில் முடிந்தது. ஆகவே கடைசி வகை என்றால் பூச்சு இருந்தே ஆக வேண்டும். இல்லாத பெட்டியை வாங்கினால் எபாக்ஸி புட்டி பரப்பி, காய்வதற்குள் கோடு இழுக்க வேண்டும். அரை மீட்டர் டேங்கில் முதல் முயற்சியாகச் செய்ய வேண்டிய வேலை இல்லை அது.

ரிமோட் உடலாக வந்தவற்றில் ஒட்டுவதிலும் சிக்கல். பல ரிமோட் உடல்கள் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுபவை. சாதாரண பாலிஸ்டைரீன் சிமென்ட் அதில் சரியாகப் பிடிக்காது. மாடல் நிறுவனமான தாமியா ஏபிஎஸ்ஸுக்கென்றே தனி சிமென்ட் விற்பது அதனால்தான். ஸ்ப்ரூவின் (உதிரிகள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டுத்துண்டு ஒன்றில் முதலில் ஒட்டிப் பாருங்கள். மறுநாள் விரலால் நெம்பினால் பிரிகிறதா என்பது போதும்.

1/16 என்று சொல்லிச் சிறிய அளவைத் தள்ளிவிடும் ஏமாற்று இன்னும் எளியது, கணக்குப் போட்டால் உடனே பிடிபடுவது. நிஜ டைகர் பீரங்கியோடு 8.45 மீட்டர், ஹல் மட்டும் 6.32 மீட்டர். 1/16-இல் பீரங்கியோடு 528 மி.மீ., ஹல் 395 மி.மீ. பீரங்கியோடு 1/18 என்றால் 469, 1/24 என்றால் 352. பெட்டியின் நீளத்தை மாடலின் நீளம் என்று போடுகிறவர்கள் உண்டு. பீரங்கி நீளத்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் வசதிக்கேற்பச் சொல்கிறவர்களும் உண்டு. ஹல் நீளத்தை மட்டும் கேளுங்கள். அதில் ஏய்க்க இடமில்லை.

பழைய இருப்பு என்று தள்ளுபடியில் வருபவற்றில் வேறு ஆபத்து. வினைல் ட்ராக் வருடக்கணக்கில் ஸ்ப்ரூவைத் தொட்டுக்கொண்டே கிடந்தால், வினைலை நெகிழ்வாக வைக்கும் எண்ணெய்ப் பொருள் கசிந்து பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். சக்கரங்களில் லிங்க் வடிவத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கும். புட்டி வைத்து உருண்டைச் சக்கரத்தை மீட்பது பெரும்பாடு, புதுச் சக்கரம் வாங்குவதே மேல். டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் எண், சின்னம்) மஞ்சளித்திருந்தால் கண்ணாடி ஜன்னலில் வெயில் படும்படி சில நாள் ஒட்டி வைத்தால் பெரும்பாலும் வெளுக்கும். ஆனால் வெடிப்பு விட்டிருந்தால் தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகும். வேண்டாத எண் ஒன்றை முதலில் நனைத்துப் பாருங்கள்.

பெரிய கிட்டில் மட்டும் அதிகம் பார்க்கிற குறை, முறுக்கிக்கொண்ட ஹல். கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து நாலு மூலையையும் அழுத்துங்கள். ஒரு மூலை அரை மில்லிமீட்டர் தூக்கினால் டேப் போட்டு இழுத்து ஒட்டிவிடலாம். 2, 3 மி.மீ. என்றால் திருப்பி அனுப்புங்கள். திருப்ப வழியில்லையென்றால் கை பொறுக்காத சூட்டு நீரில், கொதிநீரில் அல்ல, ஒரு நிமிடம் அமிழ்த்தி, கண்ணாடியோடு சேர்த்துக் கட்டி ஆறவிட வேண்டும். நேராக்காமல் விட்டால் கடைசியில் இரண்டு சக்கரம் தரையைத் தொடாது. அதை அப்போது சரிசெய்ய முடியாது.

எதைத்தான் முதலில் வாங்குவது? எங்கள் கருத்தில் டைகர் முதல் பெரிய கிட்டே அல்ல, அது கடை முகப்பில் எவ்வளவு அழகாக நின்றாலும். ஒன்றுக்குள் ஒன்று புகுந்த சக்கரங்களை வரிசை பிசகாமல் கோர்க்க வேண்டும், வர்ணம் அடிக்கத் தனித்தனியே கழற்றவும் வேண்டும். டி-34 நல்லது. பக்கத்துக்கு 5 பெரிய சக்கரம், மேல் உருளை கிடையாது, ஒரே பச்சை வர்ணம். அதன் வார்ப்பு டரட் (பீரங்கி உள்ள சுழலும் மேற்கூடு) நிஜத்திலேயே சொரசொரப்பானது, ஆகவே சிறு மணல்தாள் கீறலும் புட்டித் தழும்பும் குறையாகத் தெரியாது. ட்ரம்பெட்டர் நிறுவனத்தின் 1/16 டி-34-களில் உள்ளமைப்பும் என்ஜினும் வரும். ஹாட்ச்சை (ஆள் ஏறும் மூடி) மூடி வைக்கப் போவதாக இருந்தால் இருக்கை, குண்டு அடுக்கு போன்றவற்றை விட்டுவிடலாம். குறுக்குத் தடுப்புச் சுவர்களை மட்டும் விடக்கூடாது, ஹல்லின் அகலத்தைப் பிடித்து நிற்பவை அவை. இடமில்லாத வீட்டுக்கு டக்கோம் நிறுவனத்தின் ரெனோ எஃப்டி, முதல் உலகப் போரின் சிறிய பிரெஞ்சு டேங்க். நிஜத்தில் வாலோடு 5 மீட்டர், 1/16-இல் 31 செ.மீ.தான். ஆனால் பக்கத்துக்கு 9 கீழ்ச் சக்கரமும் 6 மேல் உருளையும் உண்டு, பொறுமை வேண்டும்.

“அதே வேலைதான் சார், சைஸ் மட்டும் பெரிசு” என்பது கடைக்காரர் சொல்லும் இன்னொரு பொய். 1/35-ஐ விட 1/16-இல் நீளம் 2.19 மடங்கு என்றால் பரப்பு 4.8 மடங்கு. 1/35-க்கு 10 மி.லி. குப்பி ஒன்று போதுமாக இருந்தால் இங்கே ஐந்து வேண்டும். ஒரே நிறத்தை ஒரே தடவையில் வாங்குங்கள், தொகுதிக்குத் தொகுதி சாயல் மாறும். 0.2 மி.மீ. ஏர்பிரஷ் ஊசி இதற்கு ஆகாது, 0.4 அல்லது 0.5 எடுங்கள். 192 லிங்க்கையும் நிமிடத்துக்கு ஒன்று வீதம் வெட்டித் தேய்த்தாலே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். லிங்க்கின் உட்புறத்தில் அச்சுக்குழி (வார்க்கும்போது விழும் வட்டத் தழும்பு) இருந்தால் அது தனிக் கணக்கு.

வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் ‘சுங்கம் உட்பட’ என்ற வாசகத்தை மட்டும் நம்பாதீர்கள். அளவு மாடல்கள் சுங்கப் பட்டியலில் பொம்மைகளோடு 9503-ஆம் தலைப்பில் வருகின்றன. அந்தத் தீர்வை 2020-இல் 20-லிருந்து 60 விழுக்காடாகவும், 2023-இல் 70 ஆகவும் ஏறியது. ஆர்டர் போடும் நாளின் விகிதத்தைப் பார்த்துவிட்டு, தீர்வையை யார் கட்டுவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். கூரியர் கட்டணமும் எடைக்கு அல்ல, பருமனுக்கு: 60×40×15 செ.மீ. பெட்டி, 5000-ஆல் வகுத்தால் 7.2 கிலோ. உள்ளே உள்ள பிளாஸ்டிக் அதில் பாதிகூடத் தேறாது.

பெட்டி வந்ததும் கூரியர் ஒட்டு தெரியும்படி வீடியோ எடுத்துக்கொண்டே திறங்கள். உள் கவரைப் பிரிக்காமலே செய்முறைத் தாளின் உதிரிப் படத்தோடு ஸ்ப்ரூக்களை ஒப்பிடலாம். ‘×2’ என்று போட்ட ஸ்ப்ரூ ஒன்றுதான் இருப்பது அடிக்கடி நடக்கிறது. குறை இருந்தால் அன்றே எழுதுங்கள். “திரும்ப எடுக்க முடியாது” என்பது சட்டமல்ல. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக்கூடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விளம்பரப் பக்கத்தை, படங்களோடு, ஆர்டர் போட்ட அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் போன மறுநாளே ‘முழு உள்ளமைப்பு’ என்ற சொல் அந்தப் பக்கத்திலிருந்து காணாமல் போய்விட்டது.