பஃப் பேஸ்ட்ரி ஷீட்: வெஜ் சீஸ் பஃப்ஸ் செய்ய வாங்கலாமா?

பஃப் பேஸ்ட்ரி ஷீட் என்பது மாவையும் கொழுப்பையும் அடுக்கடுக்காக மடித்து, உறையவைத்து விற்கும் ரெடிமேட் மாவுத் தகடு. தாராளமாக வாங்கலாம், ஆனால் பாக்கெட்டைத் திருப்பி என்ன கொழுப்பு போட்டிருக்கிறார்கள் என்று படித்த பிறகு. சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் வெண்ணெயில் செய்த ஷீட்டும் இருக்கும், மார்கரினில் (எண்ணெயிலிருந்து தயாரிக்கும், வெண்ணெய் மாதிரியான கொழுப்பு) செய்ததும் இருக்கும், பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இரண்டையும் வாங்கி ஒரே மசாலா, ஒரே சீஸ் வைத்து ஒரே ஓடிஜியில் (வீட்டில் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) சுட்டுப் பார்த்தேன்.

மார்கரின் ஷீட் கையாள ரொம்ப சுலபம். சமையலறை எவ்வளவு புழுங்கினாலும் சட்டென்று குழையாது, அடுக்கும் நன்றாகவே எழும்பி வந்தது. ஆனால் பஃப்ஸ் ஆறியதும் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு ஒட்டிக்கொள்கிறது. பேஸ்ட்ரிக்கென்று வரும் மார்கரின் உருக நம் உடம்புச் சூட்டைவிட அதிகச் சூடு வேண்டும், அதனால்தான் வாயில் கரைவதில்லை. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும், நாக்கில் பட்டதும் காணாமல் போய்விடும். சென்னை வெயிலில் பேக்கரிக்காரர்கள் ஏன் மார்கரின் பக்கம் போகிறார்கள் என்பதும் இதிலேயே புரிகிறது. வீட்டில் கொஞ்சமாகச் செய்யும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை, விலை கூடினாலும் வெண்ணெய் ஷீட்தான் என் தேர்வு.

மாவை நாமே செய்யலாமே என்று கேட்டால், செய்யலாம், பொறுமை இருந்தால். மாவுக்குள் வெண்ணெயை வைத்து மூன்றாக மடித்துத் தேய்த்து, ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, மறுபடி மடித்து, இப்படி ஆறு முறை மடித்தால் கணக்குப்படி 729 வெண்ணெய் அடுக்கு வரும். ஓவன் சூட்டில் மாவிலும் வெண்ணெயிலும் உள்ள தண்ணீர் ஆவியாகி அந்த அடுக்குகளைத் தூக்கிவிடுவதால்தான் பஃப்ஸ் உப்புகிறது. இந்த வேலை மொத்தத்தையும் ஷீட் மிச்சப்படுத்திக் கொடுக்கிறது, கொடுக்கிற காசு அதற்குத்தான்.

ஒரு குறை உண்டு. ஆன்லைனில் வரவழைத்த பாக்கெட் வழியிலேயே இளகி, மறுபடி உறைந்து, ஷீட்டெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. வெண்ணெய் ஒருமுறை மாவுக்குள் இறங்கிவிட்டால் அடுக்கு பிரியாது. நேரில் போய், மற்ற சாமானெல்லாம் எடுத்தபின் கடைசியாக இதை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வருவதே நல்லது.

உள்ளே வைக்கும் மசாலாவில் ஈரமே இருக்கக் கூடாது. கேரட், பீன்ஸ், பட்டாணி, கொஞ்சம் உருளைக்கிழங்கு போட்டு, வதக்கும்போது தண்ணீர் முழுக்கச் சுண்ட விட்டு, நன்றாக ஆறவைத்துத்தான் ஷீட்டில் வைக்க வேண்டும். சூட்டோடு வைத்தால் வெண்ணெய் உருகி அடிப்பக்கம் சொதசொதவென்று ஆகிவிடும். சீஸில், சுடச்சுடச் சாப்பிடுவதென்றால் மொசரெல்லா அருமை, இழை இழையாக வரும், ஆனால் ஆறினால் ரப்பர். விருந்துக்கு முன்கூட்டியே செய்து வைப்பதானால் சாதாரண புராசஸ்டு சீஸ்தான் சரி, அதில் சேர்க்கும் உப்புகள் கொழுப்பைப் பிரியவிடாமல் பிடித்து வைக்கும், எண்ணெய் கக்காது. பனீர் உருகாது, அதனால் உதிர்த்து சீஸோடு கலந்துகொள்ளுங்கள், தனியாகப் போட்டால் வறண்டிருக்கும்.

அப்புறம், விருந்துக்கு முன்னதாகக் கொறிக்க என்றால் பேக்கரி அளவு வேண்டாம், சின்னச் சதுரமாக வெட்டி முக்கோணமாக மடித்தால் இரண்டே வாயில் முடியும். ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி, மேலே ஆவி போக ஒரு கீறல் போட்டு, ஓடிஜியை 200 டிகிரிக்கு நன்றாகச் சூடேற்றியபின் உள்ளே வையுங்கள். மேலே முட்டை தடவினால் பளபளப்பு, பால் தடவினால் நிறம் வரும், அந்த மினுமினுப்பு வராது. மேலே பொன்னிறம் வந்ததுமே எடுத்துவிடாதீர்கள், அடிப்பக்கமும் மொறுமொறுப்பாக வேண்டும். மிஞ்சியதை மைக்ரோவேவில் வைத்தால் தொளதொளத்துவிடும், ஓடிஜியிலோ ஏர் ஃப்ரையரிலோ சூடு பண்ணினால் மொறுமொறுப்பு திரும்ப வந்துவிடுகிறது.