பழைய மடிக்கணினிக்கு எது முதலில்: பிராசசரா, எஸ்எஸ்டியா?

பிராசசர் என்பது கணினியின் கணக்கிடும் சில்லு; எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம். 2011 முதல் 2014 வரை விற்பனைக்கு வந்த இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் பிராசசரைக் கழற்றி மாற்ற முடியும்; அதற்குப் பின் வந்தவற்றில் அநேகமாக முடியாது. பிராசசரின் மாடல் எண் எம், க்யூஎம், எம்க்யூ என முடிந்தால் அது பெரும்பாலும் சாக்கெட்டில், அதாவது கழற்றி மாட்டக்கூடிய இருக்கையில், அமர்ந்திருக்கும். யு, எச்க்யூ என முடிந்தால் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால், அந்தக் கணினிக்குப் பிராசசரை மாற்றும் யோசனையே பொருந்தாது.

சாக்கெட் உள்ள கணினியை, எடுத்துக்காட்டாக ஐ3-2310எம் பிராசசரும் ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜிபி ரேமும் கொண்ட ஒன்றை, குறைந்த செலவில் வேகப்படுத்த நினைப்பவர் முன் சில வழிகள் இருக்கின்றன. அவற்றுள் எளிதானது அதே தலைமுறையின் ஐ5-2520எம்முக்கு மாறுவது. இரண்டிலும் இரண்டு கோர்கள், அதாவது தனித்தனியே கணக்கிடும் பிரிவுகள், தான். வெப்ப அளவும் 35 வாட் என்பதால் இருக்கும் ஹீட்சிங்க்கும் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பாகம்) மின்விசிறியுமே போதும். ஐ3க்கு டர்போ வசதி இல்லாததால் அது 2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டாது. ஐ5 தேவைப்படும்போது 3.2 வரை உயரும். ஒற்றைக் கோரை நம்பி ஓடும் வேலைகளில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்து வைப்பவர்களுக்கு, மறையாக்கத்தை விரைவுபடுத்தும், ஐ3இல் இல்லாத ஏஇஎஸ் கட்டளைகள் ஐ5இல் இருப்பது கூடுதல் ஆதாயம். ஐ7-2620எம் 3.4 வரை போகும் என்றாலும், அந்தச் சிறு உயர்வுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பலருடைய ஆசை நான்கு கோர்கள் மீதுதான். ஐ7-2630க்யூஎம் நான்கு கோர்களுடன் 2.9 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும். ஆனால் அதன் வெப்ப அளவு 45 வாட். 35 வாட்டுக்கென அமைந்த ஹீட்சிங்க்கில் அதைப் பொருத்தினால், வீடியோ மாற்றம் போன்ற நீண்ட வேலைகளில் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எந்த வேலைக்காக வாங்கினோமோ அந்த வேலையிலேயே அது தளர்ந்துவிடும். அடுத்த தலைமுறையின் ஐ7-3612க்யூஎம், ஐ7-3632க்யூஎம் ஆகியவை நான்கு கோர்களையும் 35 வாட்டுக்குள் அடக்கியவை; ஆயினும் அவை எச்எம்76 போன்ற சிப்செட்டுக்கு (மதர்போர்டில் உள்ள துணைச் சில்லு) உரியவை. எச்எம்65 சிப்செட்டில் சாக்கெட் பொருந்தினாலும், தயாரிப்பாளர் அதற்கான பயாஸை (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) வெளியிட்டிருந்தால் மட்டுமே கணினி இயங்கும், பலர் வெளியிடவில்லை. ஐயம் தீர நம்பகமான வழி, அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள உதிரிபாகப் பட்டியலைப் பார்ப்பது. எந்தெந்தப் பிராசசர்களுடன் அது விற்கப்பட்டது என்பதும், நான்கு கோர் வகைக்குத் தனி ஹீட்சிங்க் இருந்ததா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் மாற்றாக நிற்பது எஸ்எஸ்டி. ஹார்ட் டிஸ்க் ஒரு சிறு கோப்பைத் தேடி எடுக்கப் பத்து மில்லிநொடிக்கு மேல் ஆகலாம். எஸ்எஸ்டிக்கு ஏறத்தாழ 0.1 மில்லிநொடி போதும். கணினி தொடங்குவதும் உலாவி திறப்பதும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கும் வேலைகள் என்பதால், அங்கே பிராசசர் பெரும்பாலான நேரம் வட்டுக்காகக் காத்திருக்கிறது. வேகமான பிராசசரை வைத்தாலும் அதே காத்திருப்புதான். ஆகவே ஹார்ட் டிஸ்க் இன்னும் இருக்கும் கணினியில் பிராசசருக்குச் செலவிடுவது வரிசை மாறிய செலவு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அடுத்த இடம் ரேமுக்கு: 4 ஜிபியை 8 ஆக்கினாலே பல உலாவித் தாவல்களைத் தடுமாற்றமின்றித் திறந்து வைக்கலாம்.

பிராசசர் மாற்றத்தால் தீராத குறையும் ஒன்று உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11, ஒருசில விதிவிலக்குகளைத் தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏற்கிறது. இந்தச் சாக்கெட்டில் எதைப் பொருத்தினாலும் அந்த வரம்பைத் தொட முடியாது. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு இது பொருட்டல்ல. நான்கு கோர் பிராசசருக்கும் புதிய ஹீட்சிங்க்குக்கும் சேர்ந்து ஆகும் தொகை, ஐ5-8250யு கொண்ட பழைய கணினியின் விலையை நெருங்கினால் அதையே வாங்கலாம். அதுவும் நான்கு கோர்களைக் கொண்டதுதான். ஆனால் 15 வாட்டில் 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும்.

எஸ்எஸ்டியும் ரேமும் போட்ட பிறகும் வேகம் போதவில்லை, கைவசம் இருப்பது ஐ3, ஐ5 மலிவாகக் கிடைக்கிறது என்றால் தாராளமாக மாற்றலாம். பயாஸை முன்கூட்டியே புதுப்பித்து, பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே வெப்பம் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டை முழுவதும் துடைத்துப் புதிதாகப் பூசி, ஹீட்சிங்க் திருகுகளை அதில் பொறித்துள்ள எண் வரிசைப்படி இறுக்க வேண்டும். கழற்றிய ஐ3ஐப் பத்திரப்படுத்துவது அவசியம். புதியதைப் போட்டுக் கணினி தொடங்கவே இல்லையென்றால், பயாஸைச் சரிசெய்ய அதைத்தான் மீண்டும் பொருத்த வேண்டியிருக்கும்.